குரோட்டன்ஸ் கருவாடு ஆன கதை

(மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் பிரிவு)

லேத், ஷேப்பர் என்று எழுத வேண்டியவன் பூந்தொட்டியைப் பற்றி எழுதுகிறானே என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். இதில் பாய்லரும் வருகிறது. கொஞ்சம் பொறுங்கள்.

எங்க ஆயா ராயபுரம் வீட்டு வாசலில் மூன்று மண் தொட்டியில் குரோட்டன்ஸ் வளர்த்தது. சிவப்பு, மஞ்சள், பச்சை மூன்றும் ஒரே இலையில் இருக்கும். ஆயா காலமான பிறகு நாங்கள் எர்ணாவூரில் ஒரு மாடி வீட்டுக்குக் குடி வந்தோம். பாத்திரம் பண்டத்தோடு அந்தத் தொட்டிகளும் வண்டியில் வந்தன. "ஆயா கையால வெச்சதுடா. இனிமே உன் பொறுப்பு" என்று அம்மா சொல்லிவிட்டார்கள். ஆறே மாதத்தில் இரண்டைக் கொன்றுவிட்டேன். தண்ணீர் ஊற்றாமல் அல்ல, ஒரு நாள் தவறாமல் ஊற்றி!

வந்த புதிதில் இலைகள் உதிர்ந்தன. அது வழக்கம்தானாம். இடம் மாறினால், வெளிச்சம் மாறினால் குரோட்டன்ஸ் கோபித்துக்கொண்டு இலையைக் கொட்டும், பிறகு துளிர்க்கும். ஆனால் எங்கள் செடி துளிர்க்கவில்லை. மிச்சமிருந்த இலைகளின் நுனி பழுப்பாகி, ஓரம் எல்லாம் கருகிற்று. தண்ணீர் போதவில்லை போலிருக்கிறது என்று நினைத்து இன்னொரு மக் ஊற்றினேன். அப்புறம் சத்து போதவில்லை என்று ஒரு பிடி யூரியா போட்டேன். ஒரே வாரத்தில் முதல் செடி போய்விட்டது.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். நான் ஊற்றியது போர் தண்ணீர். லாரித் தண்ணீர் குடத்தில் கை வைத்தால் வீட்டில் அடி விழும்! தொட்டி அடியிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது என்று கீழ் வீட்டு அக்கா சத்தம் போட்டதால், அடியில் ஒரு தட்டு வைத்து, சொட்டாத அளவுக்குக் கொஞ்சமாகத்தான் ஊற்றுவேன். நல்ல பிள்ளை என்று பெயரும் வாங்கினேன். செடி செத்தது அதனால்தான்.

நம்ம பக்கத்து நிலத்தடி நீர் எப்படிப்பட்டது என்று உங்களுக்கே தெரியும். மீஞ்சூர் பக்கம் தொழிற்சாலைகளுக்கும் நகரத்துக்கும் கிணறு தோண்டி உறிஞ்ச உறிஞ்ச, கடல் நீர் நிலத்துக்குள் ஏறுவது 1960களின் கடைசியிலேயே கண்டறியப்பட்டது. பிற்பாடு 2010ல் அதே மீஞ்சூரை அடுத்த காட்டுப்பள்ளியில் கடல் நீரைக் குடிநீராக்கும் ஆலை வந்ததும் இந்த வட்டாரத்துக்குத்தான்.

முதலாம் ஆண்டு லேபில் கற்ற கடினத்தன்மைச் சோதனை ஞாபகம் வந்து, போர் தண்ணீரை அப்படிச் சோதித்துப் பார்க்கலாமா என்று கெமிஸ்ட்ரி சாரைக் கேட்டேன். "டேய், இ.டி.டி.ஏ. கால்சியத்தையும் மெக்னீசியத்தையும்தான் பிடிக்கும். சோத்து உப்பு அதுல மாட்டாது. சில்வர் நைட்ரேட் விட்டுப் பாரு" என்றார். விட்டேன். தயிர் மாதிரி வெள்ளையாகத் திரண்டது. நண்பனிடம் டி.டி.எஸ். மீட்டர் இரவல் வாங்கி வைத்தபோது சுமார் 2,000 காட்டியது. லாரித் தண்ணீர் 400ஐத் தாண்டவில்லை.

சரி, 2,000 என்றால் கடல் இல்லையே, கடல் நீர் ஏறக்குறைய 35,000 ஆயிற்றே என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். பதில் கிடைத்தது தெர்மல் வகுப்பில், பிளோ டவுன் பாடத்தில்!

பாய்லரில் நீராவி மட்டும் வெளியே போகிறது, உப்பு உள்ளேயே தங்குகிறது. அதனால்தான் அவ்வப்போது அடியிலிருந்து கொஞ்சம் தண்ணீரைத் திறந்துவிடுகிறோம். தொட்டியும் அதேதான். இலை வழியாகவும் மண் வழியாகவும் சுத்தத் தண்ணீர் மட்டுமே ஆவியாகும். ஊற்றியதில் நாலில் ஒரு பங்கு அடியில் வழிந்தால், உள்ளே வந்த உப்பு முழுவதையும் அந்தக் கால் பங்குதான் சுமந்து போக வேண்டும். அதாவது 2,000 போய், வழியும் தண்ணீரில் 8,000. பத்தில் ஒரு பங்கு மட்டும் வழிந்தால் 20,000. கடலில் பாதிக்கு மேல்! சொட்டுக்கூட வழியாவிட்டால்? கணக்குக்கு முடிவே இல்லை. நான் பிளோ டவுன் வால்வையே மூடி வைத்திருந்தேன். போதாததற்கு யூரியா வேறு. உரமும் கரைந்தால் வேருக்கு உப்பு மாதிரித்தான்.

காசிமேட்டில் மீனுக்கு உப்புத் தடவினால் என்ன ஆகிறது? மீனின் தண்ணீர் வெளியே வந்துவிடுகிறது. வேருக்கும் அதே கதி. மண் ஈரமாகவே இருக்கும், ஆனால் வேரால் குடிக்க முடியாது. செடி தண்ணீருக்குள்ளேயே கருவாடாகும். தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் பொருக்குக் கட்டியிருந்ததை நான் சுண்ணாம்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன், அட முட்டாளே!

மூன்றாவது செடியைக் காப்பாற்றியாக வேண்டும். தட்டை எடுத்தேன். தொட்டியை இரண்டு செங்கல் மேல் ஏற்றி, அடியில் ஒரு பழைய பேசின் வைத்தேன். லாரித் தண்ணீரில் ஒரு குடம் கெஞ்சி வாங்கி, மெதுவாக மூன்று தடவை ஊற்றி வழியவிட்டேன். பேசினில் வந்தது டீ டிகாக்ஷன் நிறத்தில் இருந்தது. அதை வெளியே கொட்டினேன், திரும்பத் தொட்டியில் ஊற்றவில்லை. இப்போது தினம் ஊற்றுவதில்லை. விரலை ஒரு அங்குலம் மண்ணில் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும், அடியில் வழியும்வரை ஊற்றுகிறேன். அரிசி களைந்த தண்ணீர், பக்கத்து வீட்டு ஏ.சி. சொட்டும் தண்ணீர் எல்லாம் உதவும். ஏ.சி. தண்ணீரில் உப்பே கிடையாது. ஆர்.ஓ. மெஷினின் கழிவுக் குழாய்த் தண்ணீரை மட்டும் ஊற்றிவிடாதீர்கள், வடிகட்டிய உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் தொட்டியை வெளியே வைத்தால் இலவச பிளோ டவுன்.

அடுத்தது தூசி. ராயபுரத்தில் ஆயா தினமும் ஈரத்துணியால் இலை துடைக்கும், துணி கரியாகும். துறைமுகத்து நிலக்கரித் தூள்! 2011ல் உயர்நீதிமன்ற உத்தரவால் சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி இறக்குவது நின்று, அந்த வேலை எண்ணூருக்குப் போனது. நாங்களும் அதன் பின்னாலேயே வந்துவிட்டோம் போலிருக்கிறது. இங்கே துணி சாம்பல் நிறமாகிறது. தூசி படிந்தால் வெளிச்சம் இலைக்கு எட்டாது. குரோட்டன்ஸுக்கு வெளிச்சம்தான் நிறம். சிவப்பைத் தரும் ஆந்தோசயனின் நல்ல வெளிச்சத்தில்தான் ஏறும், நிழலில் பச்சையம் எல்லாவற்றையும் மூடிவிடும். மேஜை மேல் வைத்து அழகு பார்த்தால் மாதக் கணக்கில் புது இலை எல்லாம் பச்சையாக வரும். காலை வெயில் விழும் ஜன்னலோரம் போதும். வீட்டுக்குள்தான் செடி வேண்டும் என்பவர்கள் மணி பிளாண்ட் வையுங்கள். டைஃபன்பேக்கியா என்கிற புள்ளி போட்ட பெரிய இலைச் செடியும் நிழலில் வரும், ஆனால் தவழும் குழந்தை உள்ள வீட்டில் வேண்டாம். அதன் இலையிலும் தண்டிலும் ஊசி ஊசியாகக் கால்சியம் ஆக்சலேட் இருக்கிறது, கடித்தால் நாக்கும் வாயும் வீங்கிவிடும்.

தப்பித்த செடியில் இப்போது பதியம் போட்டிருக்கிறேன். பென்சில் பருமன் கிளையில் ஒரு அங்குலத்துக்குப் பட்டையை வளையமாக உரித்து, ஈர நார்த்தூள் வைத்து, பாலிதீன் சுற்றி இரண்டு பக்கமும் இறுக்கிக் கட்டினால் ஒன்றிரண்டு மாதத்தில் வேர் விடும். உரிக்கும்போது வரும் பால் கையில் பட்டால் சிலருக்கு அரிக்கும், உடனே கழுவிவிடுங்கள். நார்த்தூளிலும் உப்பு இருக்கலாம், இரண்டு மூன்று தண்ணீரில் அலசிவிட்டே வையுங்கள். பாலிதீனுக்குள் வெள்ளை வேர் தெரிய ஆரம்பித்துவிட்டது. முதல் கன்று கீழ் வீட்டு அக்காவுக்கு என்று அம்மா வாக்குக் கொடுத்துவிட்டார்கள்.