இறுகிய தோளுக்கு ஒரு மணி நேரக் கராத்தே

மாலை ஆறரை மணி. மேலதிகாரியின் பேச்சு இன்னும் காதை விட்டுப் போகவில்லை. தோள் கல்லாக இறுகியிருக்கிறது, தாடை வலிக்கிறது. நாள் முழுக்க நாற்காலியை விட்டு எழாதவருக்கு இவ்வளவு அசதி எப்படி வந்தது?

அமெரிக்க உடலியல் அறிஞர் வால்டர் கேனன் 1915-இல் வெளியிட்ட நூலில் இதற்கு விடை இருக்கிறது. அச்சமோ சினமோ மூண்டால் அட்ரினல் சுரப்பி அட்ரினலினைச் சுரக்கிறது. இதயம் வேகமாகத் துடிக்கிறது. கல்லீரல் தன்னிடம் உள்ள சர்க்கரையை இரத்தத்தில் கலந்துவிடுகிறது. எதிர்த்து நிற்கவோ தப்பி ஓடவோ உடம்பு தயாராகிறது. அலுவலகத்தில் இரண்டுக்கும் வழியில்லை. "சரிங்க சார்" என்று சொல்லிவிட்டு உட்கார வேண்டியதுதான். இப்படித் தயாராகி நின்ற உடம்புக்கு வேலை கொடுக்கும் இடம்தான் மாலை நேரக் கராத்தே வகுப்பு.

வாசலில் செருப்பைக் கழற்றி, குனிந்து வணங்கி உள்ளே போகிறோம். மண்டியிட்டு உட்கார்ந்து சிறிது நேரம் கண்ணை மூடுகிறோம். பிறகு "இச்சி, நி, சான்" என்று மாஸ்டர் ஜப்பானிய மொழியில் எண்ண எண்ண, குத்து, உதை, தடுப்பு என அடிப்படைப் பயிற்சி தொடங்குகிறது.

ஒரு குத்தை மட்டும் கவனியுங்கள். கை இடுப்பருகே உள்ளங்கை மேல்நோக்கியபடி காத்திருக்கிறது. பின்கால் தரையை உந்துகிறது. அந்த விசை இடுப்பைத் திருப்பி, தோள் வழியாக முஷ்டிக்கு வருகிறது. முஷ்டி கடைசி நொடியில் சுழன்று நிற்கிறது. மற்றக் கை அதே வேகத்தில் இடுப்புக்குத் திரும்புகிறது.

முழங்கையை நீட்டுவது மேல்கையின் பின்புறத் தசை. மடக்குவது முன்புறத் தசை. பதற்றத்தில் இரண்டும் சேர்ந்து இறுகினால் ஒன்று மற்றொன்றைப் பிடித்து இழுக்கும், குத்து மந்தமாகும். அதனால்தான் மாஸ்டர் "தோளைத் தளர்த்து" என்று திரும்பத் திரும்பச் சொல்கிறார். வழியெல்லாம் தளர்வு, சேரும் இடத்தில் மட்டும் ஒரு கணம் இறுக்கம், உடனே மீண்டும் தளர்வு. காலை முதல் இறுகியே கிடந்த தோளுக்கு இதைவிட நல்ல பாடம் இல்லை.

மூச்சும் கூடவே வருகிறது. குத்தும்போது மூச்சை வெளியே விட வேண்டும். பயிற்சி முடிந்து மூச்சை நீளமாக விடும்போது வேகஸ் நரம்பின் செயலால் இதயத் துடிப்பு தணிகிறது.

அடுத்தது கட்டா. எதிரி இருப்பதாகக் கொண்டு வரிசை மாறாமல் செய்யும் அசைவுத் தொகுப்பு இது. ஷோட்டோகான் மரபில் புதியவர் கற்கும் ஹெய்யான் ஷோதானில் 21 அசைவுகள். எந்தப் பக்கம் திரும்புவது, எந்தக் கால் முன்னே என்று நினைவு வைப்பதிலேயே மனம் முழுகிவிடுகிறது. அலுவலகம் அங்கே நுழைய இடமில்லை.

அந்த மரபின் மூலவரும் பகலெல்லாம் வேலை பார்த்தவர்தான். 1868-இல் ஓகினாவாவின் ஷூரியில் பிறந்த கிச்சின் ஃபுனாகோஷி பள்ளி ஆசிரியர். பகலில் பாடம் நடத்திவிட்டு, இரவில் விளக்கை ஏந்திக்கொண்டு குருவின் வீட்டுக்கு நடந்து போவார். நைஹாஞ்சி என்னும் வரிசையின் மூன்று கட்டாக்களைக் கற்க மட்டும் அவருக்குப் பத்து ஆண்டுகள் ஆயின. 1922-இல் அவர் டோக்கியோவில் செய்துகாட்டிய பிறகே ஜப்பானின் பெருந்தீவுகளில் கராத்தே பரவலாயிற்று.

பெரியவர்கள் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடற்பயிற்சி செய்ய வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. ஒரு மணி நேர வகுப்புக்கு வாரம் மூன்று நாள் போனால் அது நிறைவேறிவிடும். இரத்த அழுத்தமோ இதய நோயோ மூட்டு வலியோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுச் சேருங்கள். கோபத்தை ஜோடிச் சண்டைக்குள் கொண்டுபோகாதீர்கள். எதிரே நிற்பவர் உங்களோடு சேர்ந்து கற்பவர்.

நாற்பது வயதில் வெள்ளை பெல்ட் கட்ட வெட்கப்பட வேண்டாம். ஒரு மாதம் போய்ப் பாருங்கள். முதலில் இளகுவது உங்கள் தோளாகத்தான் இருக்கும்.