பிள்ளைகள் கட்டும் பாலன் குடில்

இத்திருவருகைக்காலத்தில் பாலன் குடிலைக் கடையில் வாங்கிவிடாதீர்கள். 1223இல் இத்தாலியின் கிரேச்சியோவில் அசிசியின் புனித பிரான்சிஸ் அமைத்த குடிலில் இருந்தவை வைக்கோல் இட்ட தீவனத்தொட்டியும், உயிருள்ள மாடும் கழுதையுமே.

உங்களுக்குப் பழைய சப்பாத்துப் பெட்டி போதும். கூரைக்குக் காய்ந்த தென்னோலை; விண்மீனுக்கு ஈர்க்கும் வண்ணக் கடதாசியும்; ஒட்டுவதற்குக் காய்ச்சிய கோதுமை மாப்பசை. ஓலையருகே மெழுகுதிரி மட்டும் வேண்டாம். களிமண் உருவங்களை நிழலிலே உலர்த்துங்கள். கடும் வெயிலில் வெடித்துவிடும். பிள்ளை பிசைந்த ஆடு நாயைப்போல் தோன்றினாலும் திருத்தாதீர்கள்!

அயல்வீட்டு மின்குமிழ்களைக் கண்டு பிள்ளை ஏங்கக்கூடும். அதற்காகக் கடன்படாது, தந்தையும் அருகிலமர்ந்து பசை பூசட்டும்.

தொட்டி 24ஆம் திகதி இரவுவரை வெறுமையாயிருக்கட்டும். பாலனை அதிற் கிடத்தும் உரிமை வீட்டின் கடைக்குட்டிக்கே.