ஒரே வரியில் இந்தி தமிழாகிறது

2023 டிசம்பரில் வாராணசியில் நடந்த காசி தமிழ்ச் சங்கமத்தில் பிரதமர் இந்தியில் பேசப் பேச, அங்கிருந்த தமிழர்கள் அதைத் தமிழில் கேட்டார்கள். பெயர்த்துச் சொன்னது ‘பாஷினி’. 2022இல் மத்திய அரசு தொடங்கிய மொழிச் சேவை. வெளியிலிருந்து வரும் நிரல்களோடு பேச அதற்கு ஓர் ஏற்பாடு உண்டு, அதுதான் ஏபிஐ. ஒரு ‘கிளையன்ட் லைப்ரரி’ கைவசம் இருந்தால் நாம் ஜாவாஸ்கிரிப்ட் நிரல்மொழியில் எழுத வேண்டியது ஏறக்குறைய ஒரே வரி: இந்த ஒலியைத் தமிழாக்கு. தொலைவிலுள்ள சேவையோடு பேசும் வேலைக்கென்று முன்பே எழுதிவைத்த நிரல் தொகுப்புதான் இந்த லைப்ரரி. அந்த ஒரு வரிக்குப் பின்னால் நடப்பதைப் பார்த்தால் மலைப்பாக இருக்கும்.

மைக் முன் பேசினால், காற்றின் அதிர்வு இத்தகைய சேவைகளுக்குப் பொதுவாக வினாடிக்கு 16,000 முறை அளக்கப்படுகிறது. ஓர் அளவுக்கு 2 பைட். பத்து வினாடிப் பேச்சு 3,20,000 பைட். ஆனால் சேவைக்குக் கோரிக்கையை அனுப்பும் ‘ஜேசன்’ வடிவத்தில் எழுத்துகளுக்குத்தான் இடம்; ஒலியை அப்படியே வைக்க முடியாது. லைப்ரரி என்ன செய்கிறது? மும்மூன்று பைட்டாக எடுத்து, நான்கு நான்கு சாதாரண எழுத்துகளாக மாற்றிவிடுகிறது. ஆங்கில எழுத்துகள், எண்கள், இரண்டு குறிகள் என மொத்தம் 64 போதும். அதனால்தான் ‘பேஸ்64’ என்று பெயர். நம் பத்து வினாடி இப்போது சுமார் 4,27,000 எழுத்து. சுமை மூன்றில் ஒரு பங்கு கூடினாலும், மறுமுனையில் ஒரு பைட்கூடப் பிசகாமல் ஒலி திரும்பக் கிடைக்கிறது!

அனுப்புமுன் ஒரு விசாரிப்பு. இந்திப் பேச்சைத் தமிழ்ப் பேச்சாக்க எந்தெந்த ஏஐ மாதிரிகள் இருக்கின்றன என்று கேட்டால், அவற்றின் அடையாளக் குறிகளையும் அனுப்ப வேண்டிய முகவரியையும் பாஷினி தருகிறது. சென்னை ஐஐடியின் ஏஐ4பாரத் குழு உருவாக்கியவையும் அவற்றில் உண்டு. பிறகு ஒரே கோரிக்கையில் மூன்று வேலை: பேச்சை எழுத்தாக்கு, மொழிபெயர், எழுத்தைப் பேச்சாக்கு. ஒன்றின் விடை அடுத்ததன் கேள்வி.

ஜாவாஸ்கிரிப்ட் ஒரு நேரத்தில் ஒரு வேலைதான் பார்க்கும். பதில் வரும்வரை இணையப் பக்கம் உறைந்துவிடாதா? உறையாது. தோசைக்குச் சொல்லிவிட்டு அடுத்த மேசைக்குப் போகும் ஓட்டல் சப்ளையரைப் போல, ‘அவெய்ட்’ என்ற சொல்லைக் கண்டதும் அந்த வேலையை அங்கேயே நிறுத்திவைத்து, மற்ற சொடுக்குகளைக் கவனிக்கப் போய்விடுகிறது. பதில் வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர்கிறது.

எனக்கு மிகவும் பிடித்தது, தோல்வியைக் கையாளும் விதம். கோரிக்கைகள் அளவு மீறினால் சர்வர் 429 என்ற எண்ணைத் திருப்பி அனுப்பும். இப்போது முடியாது, பொறுங்கள் என்று பொருள். நல்ல லைப்ரரி 1 வினாடி பொறுத்து மறுபடி கேட்கும். பிறகு 2, பிறகு 4. அதிலும் ஒரு சிக்கல் உண்டு: ஒரே நொடியில் திருப்பி அனுப்பப்பட்ட ஆயிரம் நிரல்கள் சரியாக ஒரே நொடியில் மீண்டும் வந்து மோதும். அதனால் ஒவ்வொன்றும் காத்திருக்கும் நேரத்தில் ஏதோவொரு சிறு பின்னத்தைச் சேர்த்துக்கொள்கிறது. ஒன்று 2.1 வினாடியில் வரும், இன்னொன்று 2.7இல். யாரும் வரிசைப்படுத்தாமலே நெரிசல் கலைந்துவிடுகிறது.