நேற்று, இன்று, நாளை: மனநலத்துக்காக ஒரு மேடை

2006இல் இயக்குநர் மணிரத்னம் தமிழ்த் திரைக்கலைஞர்களைத் திரட்டிச் சென்னையில் ‘நேற்று, இன்று, நாளை’ என்ற மேடை நிகழ்ச்சியை நடத்தினார். ‘தி பேன்யன்’ அமைப்புக்கு நிதி திரட்டுவதே நோக்கம். மனநோயுடன் தெருவில் அலையும் பெண்களை ஏற்றுப் பராமரிக்கும் அமைப்பு அது. முகப்பேரில் உள்ள அதன் இல்லத்தின் பெயர் ‘அடைக்கலம்’.

1993இல் பேன்யனைத் தொடங்கிய வந்தனா கோபிகுமார், வைஷ்ணவி ஜெயக்குமார் இருவரும் மருத்துவர்கள் அல்லர். இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த இளம்பெண்கள்.

மனநோயாளியைக் காட்டிப் பல பத்தாண்டுகள் சிரிக்கவைத்தது தமிழ் சினிமா. சென்னையின் மனநல மருத்துவமனை இருக்கும் ‘கீழ்ப்பாக்கம்’ என்ற ஊர்ப்பெயர் கேலிச்சொல்லானதில் அதற்கும் பங்குண்டு. அந்த மேடையை, பழைய கடனுக்குத் தாமதமாகக் கட்டிய வட்டி எனலாம்.

குணமாகியும் வீடு திரும்ப முடியாத பெண்கள் நாலைந்து பேராகச் சேர்ந்து, சாதாரணத் தெருக்களில் வாடகை வீடெடுத்து வாழும் திட்டத்தையும் பேன்யன் பின்னர் தொடங்கியது. கேரளத்திலும் அத்தகைய வீடுகள் உண்டு.

தெருவுக்கு வரும் முன்பே கவனிக்க வேண்டியவை மனநோய்கள்; அவை பெரும்பாலும் 25 வயதுக்கு முன்பே தலைகாட்டுகின்றன. பேய் பிடித்தது, படிக்கச் சோம்பல், காதல் தோல்வி என்று வீட்டார் பெயர் வைப்பதற்குள் மாதங்கள் ஓடிவிடும். கேரளத்தின் இடுக்கி மாவட்டத்து ஏலப்பாறையில், எஸ்டேட் லயங்களில் (தொழிலாளர் குடியிருப்புகளில்) வளரும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு இன்னொரு சிக்கல்: மருத்துவமனையில் பெரும்பாலும் மலையாளம், மனக்குமுறலோ தமிழில். இவர்கள் உட்பட யாரும், 2022 அக்டோபர் 10இல் தொடங்கிய மத்திய அரசின் ‘டெலி மானஸ்’ தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவையை 14416இல் இரவும் பகலும் இலவசமாக அழைக்கலாம். தமிழிலும் பேசலாம்.