4 டிபி ஹார்டு டிஸ்க் வாங்கியும் 2 டிபிதான் காட்டுதா? பழைய கம்ப்யூட்டரில் என்ன சிக்கல்?

புதுக்கோட்டை மாவட்டம் ஜெகதாப்பட்டினத்தில் ஒரு சின்ன போட்டோ ஸ்டுடியோ என்று வைத்துக்கொள்வோம். கல்யாணம், நிக்காஹ், காதுகுத்து என ஊரின் விசேஷம் எல்லாம் அங்கே இருக்கும் 2009 மாடல் கம்ப்யூட்டருக்குள்தான். இடம் நிரம்பியதும் 4 டிபி ஹார்டு டிஸ்க் வாங்கி மாட்டுகிறார்கள். பயன்படுத்த முடிவதோ 2,048 ஜிபி. மீதி சுமார் 1,678 ஜிபி ‘அன்அலோகேட்டட்’ என்று சும்மா கிடக்கிறது. கடைக்காரர் ஏமாத்திட்டாரா?

இல்லை. சிக்கல் 1983-ல் இருந்து வருகிறது.

டிஸ்க்கில் எந்தப் பகுதி எங்கே தொடங்குகிறது என்று குறித்துவைக்கும் பழைய அட்டவணைக்கு எம்பிஆர் என்று பெயர். ஐபிஎம் கம்ப்யூட்டர் காலத்தில் வந்தது. டிஸ்க்கை 512 பைட் கொண்ட சின்னச் சின்ன அறைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் கதவு எண் போடும். ஆனால் அந்த எண்ணுக்கு 32 பிட் இடம்தான். அதனால் சுமார் 429 கோடி அறைகளுக்கு மேல் எண் போட முடியாது. 512-ஆல் பெருக்கினால் 2.2 டிபி. அதற்கு அப்பால் இடம் இருந்தாலும் விலாசம் இல்லை.

தீர்வு ஜிபிடி என்ற புதிய அட்டவணை (சாட்ஜிபிடிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை). விண்டோஸின் ‘டிஸ்க் மேனேஜ்மென்ட்’ பகுதியிலேயே மாற்றலாம். ஆனால் அங்கே மாற்ற டிஸ்க் காலியாக இருக்க வேண்டும். வீடியோக்களை ஏற்றிய பிறகு யோசித்தால் எல்லாவற்றையும் வேறு இடத்துக்கு மாற்றி, அழித்து, மறுபடி ஏற்ற வேண்டியதுதான். மாற்றிய பிறகும் 3,726 ஜிபி என்றே காட்டும். பயப்பட வேண்டாம், கம்பெனி 1000-த்தால் கணக்கிடுகிறது, விண்டோஸ் 1024-ஆல் கணக்கிடுகிறது.

பழைய கம்ப்யூட்டர் இதை ஏற்குமா?

விண்டோஸ் 10 இருந்தால் ‘சிஸ்டம் இன்ஃபர்மேஷன்’ என்று தேடித் திறந்து ‘பயாஸ் மோட்’ என்ற வரியைப் பாருங்கள். ‘லெகசி’ என்றிருந்தால், ஜிபிடி டிஸ்க்கிலிருந்து விண்டோஸை பூட் செய்ய முடியாது. ஆனால் விண்டோஸை பழைய டிஸ்க்கிலோ சின்ன எஸ்எஸ்டியிலோ வைத்துக்கொண்டு, பெரிய டிஸ்க்கை ஃபைல் சேமிக்க மட்டும் பயன்படுத்தலாம். விண்டோஸ் 7-ம் இதற்கு ஒத்துக்கொள்ளும். பெரும்பாலானவர்கள் பயன்படுத்திய 32 பிட் எக்ஸ்பி ஒத்துக்கொள்ளாது.

3 டிபி டிஸ்க் வெறும் 746 ஜிபி என்று காட்டினால் டிரைவர் மென்பொருள் பழசு. 2.2 டிபியைக் கழித்த மிச்சம்தான் அந்தக் கணக்கு. அப்டேட் செய்யும்வரை அதில் எதையும் ஏற்றாதீர்கள். கணக்கு தப்பும்போது புது ஃபைல் பழைய ஃபைல் மேலேயே எழுதப்படும் ஆபத்து உண்டு.

‘ஃபார்மட்’ கேட்டால் கேன்சல்!

ஃபைல்கள் அதிகம் பறிபோவது இங்கேதான். சில யுஎஸ்பி கேஸ்கள், எக்ஸ்பியிலும் வேலை செய்யட்டும் என்று 512-க்குப் பதில் 4,096 பைட் கணக்கில் டிஸ்க்கைக் காட்டும். அந்த டிஸ்க்கைக் கழற்றி நேரடியாக கம்ப்யூட்டருக்குள் மாட்டினால் ‘ஃபார்மட் செய்யவா?’ என்று விண்டோஸ் கேட்கும். ஓகே அழுத்திவிட்டால் ஒரு குடும்பத்தின் கல்யாண வீடியோ போச்சு. கேன்சல் கொடுத்து, அதே கேஸில் திரும்ப மாட்டினால் பெரும்பாலும் எல்லாம் பத்திரமாக இருக்கும்.

லேப்டாப்புக்கு இன்னொரு தடை, தடிமன். பொதுவாக 7 அல்லது 9.5 மில்லிமீட்டர் டிஸ்க்தான் உள்ளே போகும். 4 டிபி லேப்டாப் சைஸ் ஹார்டு டிஸ்க்குகள் 15 மில்லிமீட்டர். உள்ளே மாட்ட 2 டிபி வாங்குங்கள். அதற்கு மேல் வேண்டுமென்றால் யுஎஸ்பியில் வெளியே மாட்டிக்கொள்ளலாம்.