இரத்த அழுத்த மாத்திரையும் சர்க்கரைத் தாழ்நிலையும்

நீரிழிவுக்கும் உயர் இரத்த அழுத்தத்துக்கும் ஒரே காலத்தில் மருந்து உட்கொள்பவரா நீங்கள்? அவ்வாறாயின், சர்க்கரை குறையும்போது உடல் விடுக்கும் எச்சரிக்கையைச் சில மாத்திரைகள் மறைத்துவிடக்கூடும் என்பதை அறிந்திருத்தல் அவசியம்.

இரத்தச் சர்க்கரை டெசிலிட்டருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழ் இறங்குவதே தாழ்நிலை எனப்படுகிறது. அப்போது அட்ரினலின் சுரப்பதால் நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும். அட்டினோலால், மெட்டோப்ரோலால், ப்ரொப்ரனோலால் போன்ற பீட்டா தடுப்பான்கள் அட்ரினலினின் செயலையே தடுப்பவை. ஆதலால் இவ்விரு அறிகுறிகளும் தோன்றாமலே போகலாம். வியர்வை மட்டும் பெரும்பாலும் மறைவதில்லை. அதனைத் தூண்டும் நரம்புகள் வேறொரு வேதிப்பொருளால் இயங்குகின்றன. எனவே வெயிலோ உழைப்போ இன்றித் திடீரென வியர்த்தால், உடனே குளுக்கோமீட்டரில் சோதித்துப் பாருங்கள். முதியோரிடம் தடுமாற்றமும் குழறிய பேச்சும் மட்டுமே தென்படலாம். வயதின் தளர்ச்சி என்று வீட்டார் எண்ணிவிடுவதும் உண்டு.

ப்ரொப்ரனோலால் மற்றொரு இடரையும் தரவல்லது. கல்லீரல் தன் சேமிப்பிலிருந்து சர்க்கரையை வெளியிடுவதை அது மந்தப்படுத்துவதால், குறைந்த அளவு மீள்வதற்குத் தாமதமாகும். எனலாப்ரில், ராமிப்ரில் வகை மாத்திரைகள் இன்சுலினின் செயல்திறனைச் சற்றே கூட்டக்கூடும்.

ஆயினும் அச்சம் வேண்டா. நீரிழிவு இல்லாத பெரியவர்களுக்கு இம்மருந்துகளால் மட்டும் சர்க்கரை தாழ்வது அரிது. இன்சுலின், கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு ஆகியவற்றைப் பயன்படுத்துவோர், அவர்களுள்ளும் சிறுநீரகப் பாதிப்பு உள்ளோரும் வேளை தவறி உண்போரும், கூடுதல் கவனம் கொள்ள வேண்டும். பீட்டா தடுப்பானைத் தாமாகவே திடீரென நிறுத்துதல் கூடாது. நெஞ்சுவலியும் மாரடைப்பும்கூட நேரிடலாம். மாத்திரையை மாற்றுவதா, அளவைக் குறைப்பதா என்பதை மருத்துவரே முடிவு செய்வார்.

சர்க்கரை தாழ்ந்திருப்பின் 15 கிராம் குளுக்கோஸ் அல்லது மூன்று, நான்கு தேக்கரண்டி சர்க்கரையை நீரில் கரைத்து அருந்துங்கள். 15 நிமிடம் கழித்து மீண்டும் சோதியுங்கள். அளவு உயரவில்லையெனில் அவ்வாறே மறுபடியும் அருந்தலாம். அகார்போஸ் உட்கொள்வோருக்குச் சர்க்கரை விரைந்து பயன்தராது, குளுக்கோஸே தேவை. நினைவிழந்தவரின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். ஒருக்களித்துப் படுக்கவைத்து 108 ஆம்புலன்ஸை அழையுங்கள். அவர் உட்கொள்ளும் மாத்திரைகளின் பெயர்களை ஊழியரிடம் தவறாமல் தெரிவியுங்கள்.