கார்லா: பெரிய சைத்தியக் கூடம்
புணே மாவட்டம், பொ.ஆ. 1ஆம் நூற்றாண்டு

பௌத்தத் துறவிகளும் அடியவர்களும் வழிபட்ட இக்கூடம் மலைப்பாறையைக் குடைந்து உருவாக்கப்பட்டது. அகலமும் உயரமும் ஏறத்தாழ 14 மீட்டர். கோடியில் இருப்பது தூபி. அக்காலத்தில் இங்கே புத்தர் சிலை இல்லை, தூபியைத்தான் வலம் வந்தார்கள். அதன் உச்சியில் மரக்குடை இன்னும் நிற்கிறது.

தூண்கள் 37. பக்கவாட்டுத் தூண்களின் தலைப்பில் மண்டியிட்ட யானைகள்மேல் இணைகள் அமர்ந்திருப்பதைக் காணலாம். தூபிக்குப் பின்னுள்ள 7 தூண்களில் சிற்பமே இல்லை.

அண்ணாந்து பாருங்கள்: வளைந்த விலாச் சட்டங்கள் உண்மையான மரம். பாறைக் கூரைக்கு இவை தேவையில்லை. மரக் கட்டடப் பழக்கம் விடவில்லை போலும்.

வைஜயந்தி நகர வணிகர் பூதபாலர் இதை நிறைவு செய்ததாக முகப்பிலுள்ள பிராமிக் கல்வெட்டு கூறுகிறது. தூண்களைக் கொடையளித்தவர்களில் யவனர்களும் உண்டு.